போசன் பெயிண்ட் அடித்த கூரைகள்

எங்கள் தெருவில் வந்து கிளாட்வின் வீடு எது என்று கேட்டால் பிள்ளைகள் முழிக்கும். போசன் வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விடும். போசன் என்பது கப்பல் உத்தியோகம். மேல்தளத்தில் வேலை பார்க்கிற ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி அவர்தான். எங்கள் கடற்கரைத் திரேஸ்புரத்தில் பிறந்து, மீசை முளைத்ததும் கப்பலேறி, கிரேக்கக்காரன் கம்பெனி, நார்வேக்காரன் கம்பெனி என்று உலகத்தைச் சுற்றிவிட்டு, முடி நரைத்த பிறகு ஊருக்குத் திரும்பியவர்.

நான் அவருக்கு எதிர் வீடு. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

கப்பலில் போசன் பார்த்த வேலையில் முக்கால்வாசி துருவோடு மல்லுக்கட்டுவதுதான். உப்புக்காற்றில் இரும்பு ஒரு நாள் சும்மா இருக்காது. கொத்த வேண்டும், சுரண்ட வேண்டும், சிவப்பு பிரைமர் பூச வேண்டும், அதன்மேல் இரண்டு கை பெயிண்ட். முன்பக்கத்தில் தொடங்கிப் பின்பக்கம் போய்ச் சேர்வதற்குள் முன்பக்கம் மறுபடி துருவேறிப் பழுத்திருக்கும். முப்பது வருஷம் இதையே செய்தவருக்குத் துருவைக் கண்டாலே ஆகாது. ஆணியில் துரு, கேட்டில் துரு, அடுத்தவன் சைக்கிளில் துரு, எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். என் வீட்டு ஜன்னல் கம்பியை ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சுரண்டிவிட்டுப் போயிருந்தார். கேட்டதற்கு, "கண்ணால பாத்துக்கிட்டு எப்படிலே சும்மா இருக்க?" என்றார்.

இப்படிப்பட்டவர் ஊருக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால் சொந்த வீட்டு மேற்கூரையில் பழுப்புக் கறை. அங்கங்கே சிமெண்ட் உதிர்ந்து கம்பி எட்டிப் பார்த்தது.

இது போசன் வீட்டுக்கு மட்டும் வந்த சீக்கு இல்லை. எங்கள் பக்கம் வீடு கட்டும்போது தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தவர் யார்? போர் போட்டால் உப்புத் தண்ணீர் வரும். அதில்தான் கலவை, அதில்தான் தளம் நனைப்பது. போதாக்குறைக்கு மொட்டை மாடி. மற்ற ஊர்க்காரர்கள் மாடியில் வற்றல் காயப்போடுவார்கள். நாங்கள் உப்பு போட்ட மீனைக் காயப்போடுவோம். சாளையும் நெத்திலியும் வெறும் தளத்தில் விரித்துக் கிடக்கும். வடிகிற உப்புநீரை சிமெண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். மழை பெய்தால் அந்த உப்பு மொத்தமும் கரைந்து கம்பி வரைக்கும் இறங்கும். வீட்டுக்குள் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிற எவனும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

போசன் நினைத்துப் பார்த்தது கப்பலைத்தான். கொத்தினார், சுரண்டினார், பிரைமர் அடித்தார், பள்ளத்தைச் சிமெண்ட் வைத்து நிரவினார். அதற்குமேல் கப்பலுக்கு அடிக்கிற பெயிண்டை வாங்கி இரண்டு கை அடித்தார். இளம் சாம்பல் நிறம், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. மாதா கோயில் திருவிழாவுக்கு முந்தின மாதம் அது. எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். போசன் வீட்டு ஹாலுக்குள் போனவர்கள் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கப்பல் கேபினுக்குள் நிற்கிற மாதிரியே இருந்தது.

அவ்வளவுதான், தெருவே அவர் வாசலில். போசண்ணே எங்க வீட்டையும் பாருங்க, மாமா எங்க வராந்தாவையும் பாருங்க. பெயிண்டை மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும், கூலி பேச மாட்டார். இரண்டு துண்டு சீலா மீன் வறுத்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டாலும் முகம் கோணாது. ஏணியில் நின்றபடி, "ஒங்க கூரைய இனி மறந்துருங்க" என்று சொல்வதில்தான் அவருக்கு வயிறு நிறையும். திருவிழா வருவதற்குள் தெருவில் பாதிக் கூரைகள் கப்பல் நிறமாகிவிட்டன. என் வீட்டுப் படுக்கையறையும் அதில் சேர்த்தி.

ஒரே ஒருவன்தான் மறுத்துப் பேசினான். செந்தில்முருகன் என்கிற கொத்தனார். நல்ல வேலைக்காரன், ஆனால் சொன்ன நாளில் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. திங்கட்கிழமை வருகிறேன் என்றால் எந்த மாதத்துத் திங்கட்கிழமை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாயும் நீளம். அவன் பேச்சை யார் மதிப்பார்கள்?

செல்வராணி வீட்டு ஹாலில் போசன் ஏணியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவன் வந்தான். செல்வராணி மூன்று வீடு தள்ளி இருக்கிறவள், கணவனை இழந்தவள். கருவாட்டு வியாபாரத்திலேயே மகள் ஜெஸ்மியைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவள். போசனைச் சொந்த அண்ணனாகவே நினைப்பவள்.

செந்தில்முருகன் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, கம்பிக்குப் பின்னாடி துரு அப்படியே கெடக்கு. சுத்தி வரக் கொத்தணும். தண்ணி மேல இருந்து எறங்குது. மொட்ட மாடித் தட்டட்டிய அடைக்காம அடியில இந்தப் பெயிண்ட அடிச்சா, உள்ள வந்த தண்ணி எங்க போவும்?"

போசன் பிரஷ்ஷைக் கீழே இறக்கவே இல்லை. "ஏலே, நீ எத்தன கப்பல் பாத்திருக்க? பீச்சுல நின்னு பாத்தது கணக்குல சேராது."

ஹாலில் இருந்த எல்லோரும் சிரித்தோம். செந்தில்முருகனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான். போசன் ஏணியை நகர்த்தி வைத்து, கூரையின் நடுவில் தொங்கின தொட்டில் கொக்கிக்கும் சேர்த்து ஒரு கை அடித்தார். "ஜெஸ்மிக்குப் பிள்ள பொறந்தா இதுலதான கட்டப்போற? பளிச்சுன்னு இருக்கட்டும்" என்றார். பிள்ளைக்கு ஞானத்தகப்பன் நீங்கள்தான் என்று செல்வராணி அப்போதே சொல்லிவைத்தாள். எங்களில் அது லேசான உறவு இல்லை. ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளைக்காக நின்று வாக்குக் கொடுக்கிற உறவு.

அடுத்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. ஜெஸ்மிக்கு ஆண் பிள்ளை பிறந்திருந்தது. அவள் புருஷன் ஃபிராங்க்ளின் கத்தாரில் இருந்தான். பிள்ளையோடு அம்மா வீட்டில்தான் இருந்தாள். பழைய பட்டுச் சேலையில் அந்தக் கொக்கியில் தொட்டில் கட்டியாயிற்று. வருகிறவர்களிடமெல்லாம் செல்வராணி, "போசண்ணே பாத்த கூரைலா, யானையவே கட்டித் தொங்கவிடலாம்" என்பாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நாங்கள் எல்லாரும் குடையோடு திரும்பி வந்தோம். போசனும் அவர் மனைவி அமலோற்பவம் மைனியும் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். போன வேகத்தில் கதவு சாத்தப்பட்டது. பட்டப்பகலில் ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது.

உள்ளே நடந்ததை மைனி பிறகுதான் என் வீட்டுக்காரியிடம் சொன்னார்கள். ஹால் கூரை பாதிக்குமேல் கீழே கிடந்ததாம். சாப்பாட்டு மேசை இரண்டாகப் பிளந்திருந்தது. சாம்பல் நிறப் பெயிண்ட் அப்பொழுதும் கிழியாமல், சிமெண்ட் கட்டிகளைச் சுமந்துகொண்டு தோல் மாதிரித் தொங்கியதாம். அது அவ்வளவு உசத்தியான பெயிண்ட். மேலே இருந்து இறங்கின தண்ணீர் வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே நின்று, கம்பியைத் தின்று, சிமெண்டைக் கழற்றிவிட்டது. கழன்றதை எல்லாம் அந்தப் பெயிண்ட் பை மாதிரித் தாங்கிப் பிடித்து வைத்திருந்தது. ஒரு கறை கிடையாது, ஒரு விரிசல் கிடையாது. சாதாரண வெள்ளையடிப்பாக இருந்திருந்தால் ஈரம் தெரிந்திருக்கும், உதிர்ந்து உதிர்ந்து எச்சரித்திருக்கும். கப்பலில் இரும்பு வெளியே இருக்கும், கண்ணால் பார்த்துச் சுரண்டலாம். வீட்டில் இரும்பு சிமெண்டுக்குள் இருக்கிறது. முப்பது வருஷ போசனுக்கு இது உறைக்கவே இல்லை.

விரல் கனம் இருந்த கம்பி பென்சில் கனத்துக்கு வந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஏளா, சன்னலச் சாத்து. தெருவுல தெரிஞ்சிரப்படாது" என்பதுதான். மைனி அதைச் சொல்லும்போது அழுதார்களாம்.

அன்று சாயங்காலம் நான் அவரைப் பார்த்தேன். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி. என்ன போசண்ணே என்றேன். "சுண்ணாம்பு அடிச்சேன்" என்றார். அடை மழையில் எவனாவது சுண்ணாம்பு அடிப்பானா? அவர் என் முகத்தைப் பார்க்காமலேயே உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை செல்வராணி வீட்டுக்குப் போயிருக்கிறார். கூரை பளபளவென்று இருந்தது. தொட்டிலில் பிள்ளை தூங்கியது. நெடுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "ஏளா செல்வராணி, இங்கன வாடக்காத்து நேரா அடிக்கி. தொட்டில உள்ளறைக்கு மாத்து" என்றாராம். உள்ளறையும் அவர் பெயிண்ட் அடித்ததுதான். ஆனால் அதன்மேல் மாடியில் ஓட்டுச் சாய்ப்பு இருந்ததால் அவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்காது என்று ஒரு கணக்கு. சரி அண்ணே என்று செல்வராணியும் மாற்றினாள்.

இதோடு முடிந்தது என்று நிம்மதியாகத் திரும்பியிருக்கிறார் மனிதர். நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? ஆனால் ஊர் முழுக்க நம்மைப் போசன் போசன் என்று தலையில் தூக்கி வைத்திருக்கும்போது, நான் செய்தது அத்தனையும் தப்பு என்று சொல்ல நாக்கு எழும்புமா? எனக்கு எழும்பியிருக்குமா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மழை மறுபடி வெளுத்து வாங்கியது. சனிக்கிழமை காலை பால் வாங்கப் போன போசன் செல்வராணி வீட்டு வாசல் வழியாக எட்டிப் பார்த்தால், தொட்டில் பழையபடி ஹாலில். உள்ளறையில் ஃபேன் இல்லாமல் பிள்ளை தூங்கவில்லை என்று திருப்பிக் கட்டிவிட்டார்கள். பால் பையோடு வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்றாராம். மைனி காரணத்தைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தார்கள்.

"போய்ச் சொல்லுங்க."

"எப்படிளா சொல்ல? தெருவுல தலகாட்ட முடியுமா?"

"ஒங்க தல கெடக்கட்டும். பிள்ள தல அங்கன கெடக்கு. நீங்க போவலேன்னா நான் போய்ச் சொல்லுவேன்."

அவர் கப்பலிலிருந்து கொண்டுவந்த கொத்துச் சுத்தியலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியதை நான் பார்த்தேன். சட்டை போடவில்லை, செருப்பும் இல்லை. என்னமோ ஏதோ என்று நானும் பின்னால் போனேன். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள்.

"ஜெஸ்மி, பிள்ளயத் தூக்கு" என்றார் உள்ளே நுழைந்ததும். அவர் குரலில் அவள் பயந்துபோய்ப் பிள்ளையை வாரிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். அவர் ஒட்டடைக் கம்பைத் திருப்பிப் பிடித்துக் கூரையைத் தட்டினார். நல்ல தளத்தைத் தட்டினால் கணீரென்று கேட்கும். இது முற்றின பூசணிக்காயைத் தட்டின மாதிரிக் கேட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கொக்கிக்கு ஒரு முழம் தள்ளிச் சுத்தியலால் ஒரே ஒரு அடி அடித்தார்.

பெயிண்ட் கிழிந்தது. முதலில் பழுப்புத் தண்ணீர் கொட்டியது, பின்னாலேயே கூரை வந்தது. செங்கல் பருமனுக்கு ஒரு கட்டி நேராகத் தொட்டிலுக்குள் விழுந்தது. தொட்டில் அந்தப் பாரத்தோடு இரண்டு தடவை ஆடி நின்றது.

பிள்ளை வீறிட்டு அழுதது. பிறகு செல்வராணி ஓடிவந்து போசனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மாதாவே! என் குடும்பத்தக் காப்பாத்திட்டீங்களே அண்ணே! மாதாவேதான் ஒங்கள அனுப்பிருக்கா!" வாசலில் நின்றவர்களும் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். போசன் காதுலா, கூரைக்குள்ள இருக்கதும் கேக்கும் என்றான் ஒருவன். அவர் தலையெல்லாம் தூசியோடு ஸ்டூலிலேயே நின்றுகொண்டிருந்தார். அப்படியே இறங்கி வீட்டுக்குப் போயிருந்தால் இந்த ஊர் அவரைச் சாகும்வரை கொண்டாடியிருக்கும்.

"எப்படி மாமா தெரிஞ்சுது?" என்று ஜெஸ்மி கேட்டாள்.

அவர் கீழே இறங்கினார். செல்வராணி பிடித்திருந்த கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக் கூர விழுந்துட்டு. நான் அடிச்ச பெயிண்டுதான் காரணம். இங்கனயும் அதத்தான் அடிச்சேன்."

"எப்போ விழுந்துச்சு?"

"போன ஞாயித்துக்கிழம."

செல்வராணி அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. யாரோ ஒரு ஆளைப் பார்ப்பது மாதிரி இருந்தது. "திங்கக்கிழம வந்து காத்துன்னு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பேரனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். மானம் போகிறது என்பதைக் கண்ணுக்கு நேரே அன்றுதான் பார்த்தேன். நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டேன். அவர் தொட்டிலுக்குள் கிடந்த கட்டியை இரண்டு கையாலும் தூக்கி வெளியே கொண்டுபோய் வைத்தார்.

அன்று மத்தியானமே ஒட்டடைக் கம்போடு அவர் பெயிண்ட் அடித்த வீடுகளுக்கெல்லாம் போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று அதையே சொன்னார். ஒரு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. என் வீட்டுப் படுக்கையறையைத் தட்டிவிட்டு, "இன்னைக்கு இங்கன படுக்காதீங்க" என்றார். பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கத்தான் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. என் வாய் வராமல் போனது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் டீக்கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில் செந்தில்முருகன் முன்னால் போய் நின்றார். "தம்பி, நீ சொன்னதுதான் சரி. எல்லார் முன்னாடியும் ஒன்ன எளக்காரமாப் பேசிட்டேன். வந்து செஞ்சு குடு. நான் சித்தாளா நிக்கேன்" என்றார். எதற்கும் பதில் வைத்திருக்கிற செந்தில்முருகன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். திங்கட்கிழமை வருகிறேன் என்றான். அந்தத் திங்கட்கிழமையே வந்தான்.

முதலில் மாடி. மீன் விரித்த தளத்தை நல்ல தண்ணீர் லாரி வரவழைத்துக் கழுவினார்கள். மழை நின்று வெயில் வந்ததும் வெடிப்புகளை அடைத்து, தண்ணீர் ஓடச் சாய்வு கொடுத்து, கசியாத பூச்சு பூசினார்கள். கருவாடு காயப்போடுவது கடற்கரையில் கம்பு நட்டுக் கட்டின பரணுக்கு மாறியது. பிறகு உள்ளே முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்பக்கம் விரல் நுழைகிற அளவுக்குக் கொத்தி, துருவை எடுத்து, தின்ற கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பழைய கம்பிக்கு மருந்து பூசி, நல்ல தண்ணீரில் கலவை போட்டு மூடினார்கள். மேலே வெறும் வெள்ளைதான், ஈரம் வந்தால் காட்டிக்கொடுக்கிற மாதிரி. போசன் கலவைச் சட்டி சுமந்தார். தெருவில் பிள்ளைகள்கூட அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. அவரும் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

அதற்குள் ஞானஸ்நானம் வந்தது. ஃபிராங்க்ளினின் சித்தப்பா ஒருவர் வேம்பாரிலிருந்து வந்து ஞானத்தகப்பனாக நின்றார். போசன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டார்.

செல்வராணி வீட்டு வேலை கடைசியாக முடிந்தது. தொட்டில் கட்டலாம் என்று செந்தில்முருகன் சொன்ன அன்று, கூலி ஆட்கள் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கிடந்த என் ஏணியை எடுத்துவர நான் போயிருந்தேன். போசன் ஒரு பழைய சாக்கில் மணல் நிரப்பித் தொட்டில் சேலைக்குள் வைத்து, அந்தக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டார். பிள்ளையைப்போல் நாலு மடங்கு கனம் இருக்கும். கட்டிவிட்டு அதற்கு நேர் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். என்ன அண்ணாச்சி இது என்று செந்தில்முருகன் கேட்டான். "சும்மா, கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்" என்றார். செந்தில்முருகன் போனான். நான் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவர் எழுந்திருக்கவில்லை. மேலேயும் பார்க்கவில்லை.

செல்வராணி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மணல் சாக்கையும் அதற்குக் கீழே தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற ஆளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க அண்ணே" என்றாள். "பிள்ளைக்குத் தூக்கம் வருது."